யமஹா டிஎக்ஸ்7: நாப்பது வருஷத்து கீபோர்ட தர்மபுரிக்கு தூக்கிட்டு வந்த கதையும் ரிவ்யூவும்

முதல்லயே சொல்லிடறேன், இந்த டிஎக்ஸ்7 ஒரு சிந்தசைசர், அதாவது சத்தத்த கரண்ட்லயே உண்டாக்குற கீபோர்டு. இதுல ஸ்பீக்கர் கெடையாது, ரிதம் கெடையாது, தபேலா வராது, பென் டிரைவ் போடற ஓட்டையும் கெடையாது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம கேட்டுட்டாங்க, இவ்ளோ பெருசா இருக்கு தபேலா கூட வராதான்னு. என் மாமனார் ஒரு பட்டன அமுக்கிப் பாத்துட்டு, சத்தம் வரலன்னதும், "அப்ப பசங்களுக்கு வாங்குற கேசியோவே தேவலயே மாப்ள"ன்னாரு. (ஆம்ப்ளிஃபயர் ஆன் பண்ணல, அது என் தப்பு.) அவரு சொன்னதுல பாதி நெசந்தான், மீதி பாதிக்குத்தான் இந்த ரிவ்யூ.

நான் தர்மபுரி டவுன்ல சின்னதா ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வெச்சிருக்கேன். சாயங்காலம் கடைய சாத்திட்டு வந்தா பழைய டிஜிட்டல் கீபோர்ட பிரிச்சுப் போட்டு உக்காந்துக்கறது ஆறு வருஷமா இருக்கிற கிறுக்கு. கேசியோ எஸ்கே1 ஒண்ணு இருக்கு, 1985ல வந்தது, மைக்ல எதாவது சொன்னா அதயே எல்லா கட்டையிலயும் வாசிக்கும், என் பொண்ணு அதுல தெரு நாய் கொலைக்கிறத பதிஞ்சு சரிகமபதநி வாசிக்கிறா. கேசியோ சிஇசட்101 ஒண்ணு, கோர்க் எம்1 ஒண்ணு. நாலாவதா வந்ததுதான் இந்த யமஹா டிஎக்ஸ்7. அஞ்சாவது வந்தா நான் வெளிய போயிடுவேன்னு சம்சாரம் சொல்லியாச்சு.

இது காவேரிப்பட்டணத்துல ஒரு மாஸ்டர் கிட்ட இருந்து வாங்கினது. ஒரு காலத்துல கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் மாரியம்மன் பண்டிகை, கல்யாணம்னா ஆர்கெஸ்ட்ரா கட்டி வாசிச்சவரு, இப்ப மாந்தோப்ப பாத்துட்டு இருக்காரு. சிங்கப்பூர்ல இருந்த மச்சான் மூலமா 1986ல வரவழச்சதாம். பரண் மேல மரப் பொட்டியில துணி சுத்தி வெச்சிருந்தாரு. 32,000 சொன்னாரு, நான் பேரம் பேசி 28,000க்கு முடிச்சேன், பொட்டியும் ஒரு பழைய நோட்டும் அதோட சேத்துக் குடுத்தாரு. அந்த நோட்டப் பத்தி பின்னாடி சொல்றேன், அதுதான் முக்கியம். கீபோர்டு மட்டுமே பதினாலு கிலோவுக்கு மேல, பொட்டியோட சேத்தா சொல்லவே வேணாம், பஸ்ல கடைசி சீட்டு பக்கத்துல நிக்க வெச்சு லக்கேஜ் டிக்கெட் போட்டு கொண்டாந்தேன். கண்டக்டர் ஆர்மோனியமான்னு கேட்டாரு, ஆமான்னுட்டேன், எஃப்எம் சிந்தசிஸ் பத்தி கும்பல்ல நின்னுகிட்டு எப்டி விளக்கறது.

இங்க விளக்கிடறேன். ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில ஜான் சவுனிங்னு ஒருத்தரு 1967ல கண்டுபுடிச்ச விஷயம் இது. வயலின்காரரு விரல ஆட்டினா சுருதி லேசா அசையுதில்ல, வைப்ரேட்டோ, அந்த ஆட்டத்த செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவன்னு ஏத்திட்டே போனா ஒரு கட்டத்துக்கு மேல காது அத ஆட்டம்னே எடுத்துக்காது, புதுசா வேற ஒரு சத்தமா எடுத்துக்கும். அவ்ளோதான் எஃப்எம், அதாவது ஃப்ரீக்வென்சி மாடுலேஷன். யமஹா அந்த உரிமைய வாங்கி, வருஷக்கணக்கா வேல பாத்து, 1983ல டிஎக்ஸ்7னு வித்தாங்க. அமெரிக்கால அப்ப 1,995 டாலர். அதுக்கு முன்னாடி டிஜிட்டல் சிந்தசைசர்னா பெரிய ஸ்டுடியோகாரங்க மட்டும் வாங்குற வெல, இது வந்ததும் லட்சக்கணக்குல போச்சு, எண்பதுகள்ல வந்த பாட்டுல எந்த மொழியில தேடினாலும் இதோட சத்தம் எங்கயாவது ஒரு மூலைல கேக்கும்.

உள்ள ஆறு ஆபரேட்டர். ஒவ்வொண்ணும் ஒரு சாதா சைன் அலை, தனியா கேட்டா விசில் மாதிரி சப்புன்னு இருக்கும். எது எத ஆட்டணும், எது வெளிய கேக்கணும்ங்கிறதுக்கு 32 கட்டம், அல்காரிதம்னு சொல்றாங்க, அந்த 32ம் மேல் தட்டுலயே படமா அச்சடிச்சிருக்கும், பாக்க எங்க பாட்டி போடற புள்ளிக் கோலம் மாதிரியே இருக்கும். ஆட்டுறதும் ஆடுறதும் 1க்கு 2, 1க்கு 3ன்னு முழு எண் கணக்குல இருந்தா சுருதி சுத்தமா இருக்கும், 1க்கு 3.5ன்னு வெச்சுப் பாருங்க, மணிச் சத்தம் வந்துடும். இத நான் பொஸ்தகத்துல படிச்சப்ப புரியல, ஸ்லைடர நகத்தி 3.00ல இருந்து 3.50க்கு கொண்டு போனப்பதான் புரிஞ்சுது, ஓடு பித்தளை ஆகுற மாதிரி சத்தம் மாறுது.

இனி சத்தம் எப்டின்னு. உள்ள 32 சத்தம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். 11ம் நம்பர் இ.பியானோ, அதாவது எலக்ட்ரிக் பியானோ. இந்த ஒரு சத்தத்துக்காகவே வாங்குறவங்க இருக்காங்க, நானும் அதுல ஒருத்தன். மெதுவா அமுத்தினா பஞ்சு மாதிரி, அழுத்தி அடிச்சா மேல ஒரு டிங். அந்த டிங் எங்க இருந்து வருதுன்னு தேடிட்டு ஒரு ராத்திரி முழுக்க உக்காந்தேன், ரெண்டாவது ஆபரேட்டர், அது 14 மடங்கு வேகத்துல ஆடுது, அதோட அவுட்புட் லெவல கொறச்சா டிங் காணாம போயி சத்தம் தூங்கி வழியுது. 15 பேஸ், 26 டியூப் மணி, 22 மரிம்பா (மரக்கட்டைய குச்சியால தட்டுற வாத்தியம்) எல்லாம் இன்னைக்கும் அடிச்சுக்க ஆளில்ல. ஆனா பியானோன்னு மூணு இருக்கு பாருங்க, 8, 9, 10, அத பியானோன்னு சொன்னா பியானோவே கோச்சுக்கும். ஸ்ட்ரிங்ஸும் சுமார்தான், எம்1ல இருக்கிற ஸ்ட்ரிங்ஸுக்கு பக்கத்துல கூட வராது. 31 ரயிலு, 32 ஏரோப்ளேன் கெளம்புற சத்தம், அத எதுக்கு வெச்சான்னு ஜப்பான்காரனத்தான் கேக்கணும், வீட்ல பசங்களுக்கு மட்டும் ரொம்ப புடிச்சிருக்கு.

எதிரொலி குடுக்கற ரிவெர்ப், சத்தத்த தடிமனாக்குற கோரஸ் எதுவும் உள்ள இல்ல. அவுட்புட் மோனோ. நேரா ஆம்ப்ல போட்டா வறட்டுன்னு இருக்கும், நான் ஒரு பழைய டிலே பெடல் நடுவுல போட்டிருக்கேன், அதோட கேட்டாதான் கேசட்ல கேட்ட அந்த எண்பதுகள் வாசனை வருது. பின்னாடி லேசா உஸ்ஸுன்னு ஒரு எரைச்சல் இருக்கும், அப்ப இருந்த 12 பிட் டிஏசி, அதாவது எண்ண சத்தமா மாத்துற பாகம், அப்டி, அத ரிப்பேர்னு நெனச்சு யாரும் பிரிக்காதீங்க. எனக்கு அந்த எரைச்சல் புடிக்கும்.

கட்டைங்க பிரமாதம், இத மட்டும் எந்த தயக்கமும் இல்லாம சொல்வேன். 61 கட்டை, இப்ப வர்ற பிளாஸ்டிக் லொடலொடப்பு இல்ல, நல்லா கெட்டியா நின்னு எழும்பும். அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் மாறுறது எப்டின்னா, ஒரு கட்டைக்கு ரெண்டு கான்டாக்ட், மேல ஒண்ணு விடுபட்டு கீழ ஒண்ணு தொடறதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு கணக்கு பண்ணுது, சீக்கிரம் தொட்டா வேகமா அடிச்சிருக்கன்னு அர்த்தம். அதனால கான்டாக்ட்ல தூசி சேந்தா சத்தம் வராம போறது மட்டுமில்ல, சில கட்டை மட்டும் திடீர்னு கத்தும். என்னுதுல அஞ்சு கட்டை கத்துச்சு. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வெச்சு தொடச்சதுல நாலு அடங்கிடுச்சு, ஒண்ணு இன்னும் மாமியார் மாதிரி எப்ப கத்தும்னு தெரியாது.

கமகம் வாசிக்கிறவங்களுக்கு ஒண்ணு. பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கு, எவ்ளோ தூரம் வளையணும்னு ஒரு ஸ்வரத்துல இருந்து ஒரு ஸ்தாயி வரைக்கும் வெச்சுக்கலாம். மோனோ மோடுல (ஒரு நேரத்துல ஒரே ஸ்வரம்) போட்டு, ஒரு ஸ்வரத்துல இருந்து அடுத்ததுக்கு இழுத்துட்டுப் போற போர்ட்டமென்டோவும் வெச்சா வழுக்கிட்டுப் போகுது. மூச்சு ஊதி சத்தத்த கட்டுப்படுத்துற பிரெத் கன்ட்ரோலருக்கும் முன்னாடி ஒரு ஓட்டை இருக்கு, அந்த ஊதுற சாமான் எங்கிட்ட இல்ல, கெடச்சா எங்க தெரு நாயனக்காரர் கிட்ட குடுத்துப் பாக்கணும்னு ஆச.

இப்ப ரிப்பேர் கதை. வாங்கினப்ப ஆன் பண்ணா ஸ்கிரீன்ல பேரெல்லாம் கொழம்பிப் போயி கட்டம் கட்டமா வந்துச்சு, சில நம்பர்ல சத்தமே இல்ல, சிலதுல காத குத்துற மாதிரி கீச்சு. மாஸ்டர் மொகம் வாடிப்போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம், ஏன்னா இது பெரும்பாலும் பேட்டரி. நம்ம சத்தம் 32ம் ஒரு ரேம்ல இருக்கு, கரண்ட் இல்லாதப்ப அத உயிரோட வெச்சிருக்கிறது சிஆர்2032ங்கிற சின்ன காசு பேட்டரி, கம்ப்யூட்டர் மதர்போர்டுல இருக்கிற அதே. ஃபங்ஷன் அமுத்தி 14 அமுத்தினா எத்தன வோல்ட் இருக்குன்னு அதுவே சொல்லும். கொழப்பம் என்னன்னா யமஹாகாரன் அத போர்டுலயே சால்டர் வெச்சு ஒட்டியிருக்கான். ஸ்க்ரூவ கழட்டி மேல் தட்ட கார் பானெட் மாதிரி தூக்கணும், பழைய பேட்டரிய எடுக்கணும், அந்த எடத்துல ஒரு பேட்டரி ஹோல்டர் போட்டுட்டா அடுத்த தடவ விரல்லயே மாத்திக்கலாம். பெங்களூரு எஸ்.பி. ரோட்ல ஹோல்டர் டீ காசுக்கு கெடைக்குது. பழைய சால்டர உறியறதுக்கு மட்டும் பயமா இருந்துச்சு, போர்டு டிராக் பிஞ்சா முடிஞ்சுது, அதனால நாலு ரோடு பக்கம் டிவி, ரேடியோ பாக்குற ஒரு அண்ணன் கிட்ட எடுத்துட்டு போனேன். "இத யாரு தம்பி இன்னும் வெச்சிருக்காங்க"ன்னு கேட்டுட்டே பத்து நிமிஷத்துல முடிச்சாரு, காசு வேணாம், எதாவது வாசிச்சுக் காட்டுன்னாரு. தயவு செஞ்சு காசு பேட்டரி மேலயே நேரா சால்டர் வெக்காதீங்க, சூட்டுல வெடிக்கும்.

இன்னொண்ணு, பேட்டரிய எடுத்தா உள்ள இருக்கிற சத்தமெல்லாம் போயிடும், அதனால நல்லா ஓடற டிஎக்ஸ்7 வாங்கினீங்கன்னா மொதல்ல மிடி (கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கற இணைப்பு) வழியா கம்ப்யூட்டருக்கு பேக்கப் எடுங்க. 32 சத்தமும் சேத்து மொத்தம் 4,104 பைட். ஆமா, பைட்தான். வாட்ஸ்அப்ல வர்ற குட் மார்னிங் படத்துல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. மிடில அது போக ஒண்ணரை செகண்டுக்கு கொஞ்சம் கம்மி. சத்தங்கள கம்ப்யூட்டர்ல இருந்து திருப்பி உள்ள ஏத்தறதுக்கு ஆன்லைன்ல மலிவா ஒரு யுஎஸ்பி மிடி கேபிள் வாங்கினேன், கட்டை வாசிச்சா ஒழுங்கா போவுது, இந்த மொத்த டம்ப் அனுப்பினா மட்டும் பாதில முழுங்கிடுது. கீபோர்டுதான் போச்சுன்னு நெனச்சு ரெண்டு வாரம் தூக்கம் இல்லாம சுத்தினேன், கடைசில கேபிள்தான் திருடன், அதுக்குள்ள வர்றத கொஞ்ச நேரம் புடிச்சு வெக்கிற எடம், பஃபர், பத்தல. கொஞ்சம் நல்ல இன்டர்ஃபேஸ் வாங்கினதும் மொத தடவயே போயிடுச்சு. உள்ள இருக்கிறத அழிக்க விடாத பூட்டு, மெமரி புரொடெக்ட், அத ஆஃப் பண்ண மறந்துடாதீங்க, அத மறந்து ஒரு நாள் முழுக்க கேபிள திட்டியிருக்கேன்.

பட்டன் எல்லாம் மெம்பிரேன், பெரும்பாலும் பச்சை கலர், மேல தடவினா வழவழன்னு, மிக்ஸி பட்டன் மாதிரி. தூசி உள்ள போகாது, தொடைக்க சுகம், ஆனா நாப்பது வருஷத்துல சிலது மரத்துப் போகுது. என்னுதுல 19 ரெண்டு தடவ அமுத்தினாதான் கேக்கும். ஸ்கிரீன்ல வெளிச்சம் கெடையாது, ராத்திரில மொபைல் டார்ச் அடிச்சுதான் படிக்கணும். டேட்டா ஸ்லைடர் கரகரன்னு நம்பர் குதிச்சுது, கான்டாக்ட் கிளீனர் அடிச்சு அம்பது தடவ மேலயும் கீழயும் இழுத்ததுல சரியாச்சு. உள்ள சத்தம் உண்டாக்குறது யமஹாவோட ரெண்டு சிப்பு, ஓபிஎஸ், இஜிஎஸ்னு, அது ரெண்டுல ஒண்ணு போச்சுன்னா கடையில கெடைக்காது, வேற ஒரு செத்த டிஎக்ஸ்7ல இருந்துதான் புடுங்கணும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி பதினாறு கட்டைய ஒரே நேரத்துல அமுத்திப் பாருங்க, கை பத்தலன்னா மொழங்கைய வெச்சு அமுத்துங்க, பதினாறு சத்தமும் சுத்தமா வருதான்னு கேளுங்க. மாஸ்டர் வீட்ல நான் மொழங்கைய வெச்சப்ப அவரு சம்சாரம் பாத்த பார்வை இருக்கே.

கரண்ட் விஷயத்த அழுத்தி சொல்றேன். என்னுது சிங்கப்பூர் வழியா வந்ததால பின்னாடி 220ல இருந்து 240 வோல்ட்னு போட்டிருக்கு, நேரா நம்ம பிளக்ல சொருகலாம். ஜப்பான்ல இருந்து நேரா வர்றது 100 வோல்ட். என் எம்1 அப்டி வந்தது, வித்தவரு அதப் பத்தி வாயே தெறக்கல, நானும் பின்னாடி இருக்கிற எழுத்த படிக்காம சொருகிட்டேன், டப்புன்னு ஒரு சத்தம், வீடெல்லாம் புகை நாத்தம், பவர் சப்ளைய சரி பண்ண ஆறாயிரம். பழைய கீபோர்டு எதுவா இருந்தாலும் கைல எடுத்ததும் மொதல்ல திருப்பிப் பாருங்க. 100ன்னு இருந்தா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குற காசையும் வெலைல கழிச்சுப் பேசுங்க.

வெலைன்னு வந்தாச்சு. ஆன்லைன்ல விண்டேஜ்னு ஒரு வார்த்தைய போட்டுட்டு 70, 80ன்னு சொல்றாங்க, அதுவும் பேட்டரி செத்து, ரெண்டு கட்டை ஒடஞ்சு, "ஸ்மால் இஷ்யூ, ஈசி ஃபிக்ஸ்"னு. ஈசின்னா நீயே பண்ணிட்டு விக்க வேண்டியதுதானப்பா. எல்லாம் ஒழுங்கா ஓடினா முப்பது, முப்பத்தஞ்சு குடுக்கலாம், அதுக்கு மேல என்னைப் பொறுத்த வரைக்கும் வேணாம். ஏன்னா சத்தம் மட்டும் போதும்னா டெக்ஸ்டு (Dexed)ன்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமாவே இருக்கு, இதே ஆறு ஆபரேட்டர், இதே 32 அல்காரிதம், இதோட ஃபைலயே அப்டியே படிக்கும், லேப்டாப்பும் எதாவது ஒரு மிடி கீபோர்டும் இருந்தா போதும், கண்ண மூடிக் கேட்டா எனக்கே பாதி நேரம் வித்தியாசம் தெரியல. கோயில்ல, கல்யாணத்துல வாசிச்சு சம்பாதிக்கணும்னா இத தொடவே தொடாதீங்க, அதே காசுக்கு யமஹாவோட பிஎஸ்ஆர் ஐ சீரிஸ் பாருங்க, தபேலாவும் வரும், என் மாமனாரும் சந்தோஷப்படுவாரு. பிரிச்சுப் பாக்கணும், ஒரு நம்பர மாத்தினா சத்தம் ஏன் மாறுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு அரிப்பு இருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் இது. என் மார்க் அஞ்சுக்கு நாலு, கொறச்ச ஒண்ணு அந்த மெம்பிரேன் பட்டனுக்கும் பியானோவுக்கும் பாதிப் பாதி.

இப்ப அந்த நோட்டு. மாஸ்டர் அந்தக் காலத்துல தானே செஞ்ச சத்தங்கள கட்டம் போட்டு பேனால எழுதி வெச்சிருந்தாரு, பேட்டரி ஒரு நாள் சாகும்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. ஒரு சத்தத்துக்கு பேரையும் சேத்து 155 எண், ஒரு ஆபரேட்டருக்கு 21 வீதம் ஆறு, மீதி பொது. பக்கத்துக்கு ஒரு சத்தம், மொத்தம் ஒம்போது. நாயனம்னு ஒண்ணு, பம்பைன்னு ஒண்ணு, "கிளாரினெட் பாலக்கோடு"ன்னு ஒண்ணு, அது ஏன் பாலக்கோடுன்னு கேட்டா சிரிக்கிறாரே ஒழிய சொல்ல மாட்டேங்குறாரு. டெய்லி ராத்திரி ஒரு பக்கம்னு ஸ்லைடர நகத்தி நகத்தி ஏத்தினேன். ஒரு தடவ சேவ் பண்ண மறந்து வேற நம்பர அமுத்திட்டேன், எடிட் ரீகால்னு ஒரு வசதி இருக்கிறதால பொழச்சேன். எட்டு சத்தம் வந்துடுச்சு. நாயனம் பக்கத்துல மட்டும் ஓரத்துல செல்லரிச்சு அஞ்சாவது ஆபரேட்டரோட 21 கட்டமும் போச்சு. நானா எதேதோ போட்டுப் பாத்தேன், ஹார்மோனிகா மாதிரி வந்துச்சு, ஊதுகொழல் மாதிரி வந்துச்சு, நாயனம் வரல.

போன தைப்பூசத்துக்கு குமாரசாமிப்பேட்டை தேரு பாக்க மாஸ்டர் வந்தவரு அப்டியே வீட்டுக்கும் வந்தாரு. கண்ணாடிய போட்டுட்டு உக்காந்து, நான் போட்ட நாயனத்த வாசிச்சுப் பாத்துட்டு, "தொண்ட கட்டல தம்பி, இது சளி புடிச்ச மாதிரி இருக்கு"ன்னாரு. நம்பர் ஒண்ணும் ஞாபகம் இல்லையாம். ஆனா இடது கையால ஒரு ஸ்வரத்த புடிச்சுட்டு வலது கையால ஸ்லைடர தள்ளித் தள்ளி, ஃபீட்பேக்க (ஒரு ஆபரேட்டர் தன்னையே ஆட்டிக்கறது) ஒண்ணு கொறச்சு, அஞ்சாவது ஆபரேட்டரோட அட்டாக்க, அதாவது அது எழும்புற வேகத்த, மட்டும் ஒரு அர மணி நேரம் நோண்டிட்டு இருந்தாரு. டீ ஆறிப்போச்சு. திடீர்னு வந்துச்சு, சீவாளி நனையாம ஊதறப்ப மொதல்ல ஒரு பிசிறு அடிக்குமே, அது. சமையல்கட்டுல இருந்து என் சம்சாரம் எட்டிப் பாத்துட்டு, யாருங்க வீட்டுக்குள்ள ஊதறதுன்னு கேட்டா.

எந்த நம்பர்ல சேவ் பண்ணட்டும் மாஸ்டர்னு கேட்டேன், 32ல போடு, கோயில்ல ஏரோப்ளேன் எதுக்குன்னாரு, அப்பவும் அங்கதான் வெச்சிருந்தாராம். பசங்களுக்கு ஏரோப்ளேன் போனதுல கோவம், அத தூக்கி 31ல போட்டுக் குடுத்திருக்கேன், ரயிலு போச்சு. புது 21 நம்பரையும் நோட்டுல எழுதிட்டேன், ரெண்டு ஜெராக்ஸும் எடுத்து ஒண்ணு காவேரிப்பட்டணத்துக்கு குடுத்தனுப்பினேன்.